முதல் கத்தியும் அதற்கொரு தோல் உறையும்: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

முதல் கத்தி செய்ய உட்காருகிறவர்கள் யாரும் சின்னதாக ஆரம்பிப்பதில்லை. நானும் அப்படித்தான். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை மூன்று வாரம் அரத்தால் ராவி, முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தியைக் கொண்டுவந்து, கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினேன். உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். டம்ளரில் ஸ்பூன் பட்டதுபோல, அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து, அதாவது வெட்டும் ஓரத்திலிருந்து, முதுகுவரை தலைமுடி அகலத்துக்கு விரிசல்.

ஊர்க் கொல்லர் அரிவாளைத் தண்ணீரில்தானே தோய்க்கிறார் என்ற தைரியம். உடைந்ததை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, நான் முக்குறது வாயை மட்டும்தான். அதுவும் ரெண்டு எண்ணுறதுக்குள்ள வெளியே எடுத்துருவேன். நீ மொத்தமா அமுக்கி வச்சிருக்க" என்றார். அப்புறம் ஓர் அரிவாளை எடுத்துச் செய்தே காட்டினார். சிவந்த அரிவாளின் வாயோரத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்தார். கல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்துப் பளபளப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க, இரும்பின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். கடினமாக்குவதும், அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தளர்த்துவதும் ஒரே சூட்டில் முடிந்துவிட்டன. அது பல வருஷம் பழகிய கண்ணுக்கு உரிய வேலை. நமக்கு எண்ணெயும் 'அவன்' எனும் மின்சார அடுப்பும்தான் சரி.

அந்த விரிசல் கத்தியில் என் தப்புகளை எண்ணினால் ஐந்தாறு தேறும். அதில் பாதி, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததும்தான். துளை போடாமல் கடினப்படுத்தினால் அப்புறம் துளை போட முடியாது. கூர் பிடித்துவிட்டுக் காய்ச்சினால் கூர் கருகி நெளியும். அதனால் கீழே உள்ளதைப் படிக்கும்போது, எதற்கு முன் எது என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

இதில் சம்மட்டியால் அடித்து வடிக்கும் வேலை கிடையாது. தட்டையான உருக்கை வெட்டி, ராவி வடிவம் கொண்டுவரும் முறை இது. முதல் கத்திக்கு இதுதான் நல்லது.

அளவு

மொத்த நீளம் 20 செ.மீ. அதில் வாய்ப்பகுதி 9, பிடி 11. அகலம் 28 மி.மீ., கனம் 3 மி.மீ. காய் நறுக்க, கயிறு வெட்ட, தோட்டத்தில் கிளை கழிக்க இது போதும். பிடிக்குள்ளும் இரும்பு முழு அகலத்துக்குக் கடைசிவரை ஓட வேண்டும். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து ஆணி அடித்துவிடலாம். வால்போல ஒல்லியான இரும்பை மரத்துக்குள் சொருகும் முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சின்னதாகச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 9 அங்குலத்தைவிட நீளமான, அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான வாய்ப்பகுதி உள்ள கத்திகளை இந்திய ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. ஆனால் இடுப்பில் கத்தியோடு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அந்த விலக்கை விளக்கிச் சொல்லும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

வடிவத்தை முதலில் தடித்த அட்டையில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். காய் நறுக்குவதுபோல ஆட்டிப் பாருங்கள். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் பிடி குட்டை. அட்டையைத் திருத்த ஒரு நிமிடம் போதும், உருக்கைத் திருத்த ஒரு நாள் ஆகும். முனை கொஞ்சம் இறங்கி, முதுகு நேராக, வாய் லேசாக வளைந்த சாதாரண வடிவமே போதும். சினிமாக் கத்தி வளைவெல்லாம் ராவும்போது உயிரை வாங்கும்.

எந்த உருக்கு?

லாரிப் பட்டை கெட்ட உருக்கு என்று சொல்ல மாட்டேன். 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் உள்ள ஸ்பிரிங் உருக்கு அது. நம் ஊர் அரிவாள்களில் பெரும்பாலானவை அதிலிருந்து வருபவைதான். சிக்கல் இரண்டு. ஒன்று கனம். சம்மட்டி இல்லாமல் அதை 3 மி.மீ.க்குக் கொண்டுவருவது தண்டனை. இன்னொன்று, பல லட்சம் குலுக்கல் வாங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். என் 'டிங்'கில் தண்ணீருக்குப் பாதிப் பங்கு என்றால், அந்தக் கீறல்களுக்கு மீதிப் பங்கு இருக்கலாம்.

பழைய அரத்தில் கத்தி செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். நல்ல அரம் உயர்ந்த கார்பன் உருக்குதான். ஆனால் மலிவான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே சாதா இரும்பு. எது எதுவென்று செய்து முடித்த பிறகே தெரியும். இரும்பறுக்கும் மெஷின் ஆக்ஸா பிளேடு பெரும்பாலும் எச்எஸ்எஸ் எனும் ஹைஸ்பீட் ஸ்டீல். அதற்கு வேண்டிய சூட்டை வீட்டு அடுப்பு தராது.

என் சிபாரிசு ஓஎச்என்எஸ் (ஆயில் ஹார்டனிங் நான்-ஷ்ரிங்கிங்) என்ற உருக்கு. டூல்ரூம் சாமான் விற்கும் கடையில் இந்தப் பெயரைச் சொன்னாலே தெரியும். எண்ணெயில் கடினமாகும், அளவு அதிகம் மாறாது. பெயரின் பொருளே அதுதான். கார்பன் சுமார் 0.9 சதவீதம். 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் பட்டையாகக் கேளுங்கள். இளக்கிய நிலையில்தான் விற்பார்கள், அதனால் அரம் நன்றாகக் கடிக்கும். இதில் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்

ஆக்ஸா பிளேடு, பொருளை இறுக்கிப் பிடிக்க நல்ல வைஸ், 12 அங்குலத்தில் ஒரு முரட்டு அரம், ஒரு மட்ட அரம், சின்ன அரைவட்ட அரம், கை ட்ரில், 3 மற்றும் 4 மி.மீ. ட்ரில் பிட், 60 முதல் 400 வரை உப்புத்தாள், இரண்டு மூன்று சி-கிளாம்ப். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். ஆங்கிள் கிரைண்டர் இருந்தால் வேலை பாதியாகும், தப்பு இரண்டு மடங்காகும். முதல் கத்தியை அரத்திலேயே முடியுங்கள் என்பேன். அரம் ஒரு நொடியில் எடுப்பது கொஞ்சம்தான், அதனால் தப்பைப் பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும்.

வெட்டுதல், துளையிடுதல்

அட்டையைப் பட்டைமேல் வைத்து மார்க்கரால் வரைந்து, கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு ஆக்ஸாவால் வெட்டுங்கள். வளைவான இடங்களில் நெருக்கமாகக் குறுக்கு வெட்டுகள் போட்டுத் துண்டு துண்டாக உடைத்தெடுக்கலாம். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். ஓரங்களைக் கோடுவரை ராவி முடித்ததும் துளை.

பிடிப்பகுதியில் இரண்டு பித்தளை ஆணிகளுக்கு 4 மி.மீ. துளைகள் இரண்டு. முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒன்று, பின்விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒன்று. நடுவில் கூடுதலாக இரண்டு மூன்று துளை போடலாம், பசை ஊடுருவிப் பிடிக்கும். சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான வேகம். துளை எல்லாம் இப்போதே முடிந்தாக வேண்டும்.

சரிவு ராவுதல்

கத்தியின் வெட்டும் திறன் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் கெட்டுப்போவதும் இங்கேதான்.

முதலில் நடுக்கோடு. வாயோரத்தின் கனத்தில் மார்க்கரால் கறுப்பு அடியுங்கள். கண்ணாடி அல்லது கடப்பாக்கல் போன்ற சமமான பரப்பில் கத்தியைப் படுக்க வையுங்கள். 3 மி.மீ. ட்ரில் பிட்டை அதே பரப்பில் படுக்கவைத்து அதன் நுனியால் வாயோரத்தில் கீறிக்கொண்டே போங்கள். பிட்டின் நுனி அதன் நடுவில் இருப்பதால், 3 மி.மீ. கனத்தின் நடுவில் கோடு விழும். கத்தியைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் மிக நெருக்கமாக விழுந்தால் சரி. அந்த இரண்டுக்கும் நடுவேதான் வாய் வர வேண்டும்.

அப்புறம் பக்கவாட்டில், வாயிலிருந்து முதுகு நோக்கி 18 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு. சரிவு அங்கிருந்து வாய்வரை இறங்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 டிகிரிதான் வரும். கேட்கும்போது ஒன்றுமில்லாத சரிவாகத் தோன்றும், ஆனால் காய்க்குள் இறங்கும் கத்திக்கு அதுவே வேண்டும்.

கத்தியை ஒரு மரத்துண்டின்மேல் படுக்கவைத்து, பிடித் துளைகள் வழியாகத் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். மரத்துண்டை வைஸில் பிடியுங்கள். முதலில் வாயோரத்தை 45 டிகிரி சாய்வில், கீறிய கோட்டுக்குக் கிட்டத்தில் வரும்வரை ராவுங்கள். அதற்கப்புறம் அரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கவைத்து, சரிவை மேலே ஏற்றுங்கள். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பற்களில் உருக்குத் துகள் அடைத்தால் கம்பி பிரஷால் தட்டுங்கள். அந்தத் துகள் ஒன்று போதும், ஒரு மணி நேரம் துடைத்தாலும் போகாத கீறல் போட.

பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை சரிவு முழுவதும் மார்க்கர் அடித்துவிட்டு ராவினால், அரம் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பது தானாகத் தெரியும். ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மாற்றி மாற்றிச் செய்தால்தான் வாய் நடுவில் நிற்கும்.

சரிவு தொடங்கும் இடம், அதாவது பிடிக்கு முன்னால் சரிவு நிற்கிற எல்லை, இரண்டு பக்கமும் நேர் எதிரே வர வேண்டும். அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டைக் கிளாம்ப் போட்டு வேலியாக வைத்தால் அரம் தாண்டாது. உடையாமல் வந்த என் முதல் கத்தியில் இந்த எல்லை ஒரு பக்கம் 4 மி.மீ. முன்னால் போய்விட்டது. இன்றும் சமையலறையில் அதை எடுக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

வாயைக் கூராக்க வேண்டாம். 0.5 முதல் 0.7 மி.மீ. கனம் மிச்சம் இருக்கட்டும். ஐந்து ரூபாய் நாணயத்தின் ஓரத்தைவிட மெல்லியதாக இருக்கும், ஆனால் லேசாகத் தொட்டால் விரலை வெட்டாது. இதற்கு மேல் மெலிந்தால் தோய்க்கும்போது அலை அலையாக நெளிந்துவிடும். கடைசியாக உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி 120, அப்புறம் 220. அரம் விட்ட குறுக்குக் கீறல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு கீறலும் விரிசல் ஆரம்பிக்க ஒரு வாசல். அதோடு, கடினமான பிறகு அந்தக் கீறலை எடுக்க உட்கார்ந்தால் ஆயுசு போதாது.

காய்ச்சித் தோய்த்தல்

தெரிந்த கொல்லுப் பட்டறை இருந்தால் ஓர் அரை மணி நேரம் உலையைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கொல்லைப்புறத்தில் செங்கல்லை நீளவாக்கில் அடுக்கி அடுப்புக் கட்டலாம். கீழே ஒரு குழாய் வழியாக ஹேர் டிரையர் காற்று. கரிக்கு ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி நன்றாகச் சூடு கொடுக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் தரலாம், பொறி மட்டும் அதிகம் பறக்கும்.

கரிக்கு நடுவே 2 அங்குல இரும்புக் குழாய் ஒன்றைப் படுக்கவைத்து, கத்தியை அதற்குள் வையுங்கள். சூடு எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். குழாய் கண்டிப்பாக எம்எஸ், அதாவது பூச்சில்லாத சாதா இரும்பாக இருக்க வேண்டும். ஜிஐ குழாயின் மேல் பூசியுள்ள துத்தநாகம் புகையாகக் கிளம்பும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவீர்கள்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெயோ தவிட்டெண்ணெயோ போதும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதன் புகை விஷம். மூடியுள்ள பெரிய எவர்சில்வர் தூக்குவாளி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். கத்தி முழுவதும் செங்குத்தாக உள்ளே போகிற உயரம் வேண்டும், மேலே நாலு விரல் காலியாக இருக்க வேண்டும். ஒரு கம்பியைக் காய்ச்சி எண்ணெய்க்குள் விட்டு, எண்ணெயை 50 முதல் 60 டிகிரிவரை சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அதைவிட வெதுவெதுப்பான எண்ணெய் வேகமாகச் சூட்டை இழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தூக்கின் மூடியும் இருக்கட்டும். எண்ணெயில் தீப்பிடித்தால் மூடியைப் போட்டாலே அணையும். தண்ணீர் ஊற்றினால் தீ உங்கள் மேல் வரும்.

நேரம் சாயங்காலம், விளக்கு ஏற்றும் பொழுது. வெயிலில் இரும்பின் நிறம் பொய் சொல்லும். கம்பியில் கட்டிய ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 770 டிகிரியில் உருக்கு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். ஓஎச்என்எஸுக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே, 800 டிகிரிப் பக்கம் வேண்டும். இதற்கு ஒரு சமையலறை வழி உண்டு. தூள் உப்பு 801 டிகிரியில் உருகும். பிடிப்பகுதியில் ஒரு சிட்டிகை தூவிவிட்டால், அது கண்ணாடிபோல உருகும்போது சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். கல் உப்பு போடாதீர்கள், படபடவென்று வெடித்துச் சிதறும். அதே நிறத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நிறம் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்குப் போனால் காற்றைக் குறையுங்கள். அதிகச் சூட்டில் உருக்கின் மணிகள் பெருத்துவிடும், அப்புறம் கத்தி பிஸ்கட் மாதிரி உடையும்.

குறடால் எடுத்து, நின்று யோசிக்காமல், முனை கீழாக நேரே எண்ணெய்க்குள். சிவப்பு எதுவும் மேலே தெரியக் கூடாது. முன்னும் பின்னுமாக வெட்டுவதுபோல அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். பதினைந்து எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். அடுத்த ஒரு நிமிடம் முக்கியம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு முதுகோரமாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். லேசான வளைவு இருந்தால், சூடு இருக்கும்போதே கையால் எதிர்ப்பக்கம் அழுத்தினால் நிமிரும். ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் இரண்டு கத்தி கிடைக்கும்.

ஆறியதும் அரத்தால் வாயோரத்தைத் தொட்டுப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு தேய்ப்பில் கொஞ்சம் கடிக்கலாம். தீயில் கார்பன் இழந்த மேல்தோல் அது. அதற்குப் பின் அரம் கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. கடித்துக்கொண்டே போனால் சூடு போதவில்லை, இன்னொரு முறை காய்ச்சித் தோய்க்கலாம்.

தளர்த்துதல்

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையும். ஒரு மணி நேரத்துக்குள் மின்சார அவனில் போட வேண்டும், மறுநாளுக்கு வைக்காதீர்கள். கேக் செய்யும் ஓடிஜி போதும். எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நான் கழுவாமல் வைத்து, வீடு முழுக்க வடை சுட்டுக் கருகிய வாடை வந்து, இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். மேலே உள்ள கறுப்பை உப்புத்தாளால் தேய்த்து உருக்கு தெரியும்படி செய்யுங்கள், நிறம் பார்க்க வேண்டும்.

ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் சூட்டை நம்பாதீர்கள். 20, 30 டிகிரி ஏறி இறங்கும். ஒரு ட்ரேயில் மணல் பரப்பி அதில் கத்தியைப் புதைத்துவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் கத்திக்குத் தெரியாது. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வெளியே வரும்போது வெளிர் வைக்கோல் நிறம் இருக்க வேண்டும். கொல்லர் அரிவாள் வாயில் பார்த்துக்கொண்டிருந்த அதே நிறம்தான். நீலம் வந்திருந்தால் 290 டிகிரிப் பக்கம் போயிருக்கிறது, கூர் நிற்காது.

இனி 120-இல் ஆரம்பித்து 400 வரை உப்புத்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தின கீறல் போய்விட்டதா என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போகும்.

பிடி

மரத்துக்கு அலைய வேண்டாம். மண்வெட்டிக் காம்புக்கு ஆகிவந்த கருவேலம், கறிக்கடை மணைக்கு ஆகிவந்த புளி, இரண்டுமே அருமை. பூவரசும் நன்றாக வரும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு வருஷமாவது நிழலில் கிடந்த துண்டாகப் பாருங்கள். பச்சை மரம் சுருங்கி, பசையை விட்டுவிட்டுப் போகும்.

8 மி.மீ. கனத்தில் இரண்டு துண்டு. ஒரு துண்டைக் கிளாம்ப் போட்டு, உருக்கின் துளை வழியாகவே மரத்தில் துளையிடுங்கள். அதைக் கழற்றிவிட்டு மறுபக்கம். துண்டுகளின் முன்விளிம்பு, அதாவது வாயைப் பார்த்த விளிம்பு, ஒட்டும் முன்பே வழவழப்பாக முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே உப்புத்தாள் போட்டால் கத்தியின் பளபளப்புப் போய்விடும்.

ஒட்டும் பரப்பை 60 உப்புத்தாளால் கீறி, தின்னரால் துடைத்து, அரால்டைட் பசையின் இரண்டு பகுதியையும் சம அளவில் கலந்து பூசி, ஆணிகளைச் சொருகிக் கிளாம்ப் போடுங்கள். வேகமாகக் காயும் ரகம் வேண்டாம். அதிகம் இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும், மிதமாக இறுக்கினால் போதும். முன்விளிம்பில் வழிந்ததை அப்போதே துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

பிடியைச் செதுக்கும்முன் வாயைச் சுற்றித் துணியும் டேப்பும் கட்டுங்கள். கூர் போடாத வாய்கூட அழுத்தினால் வெட்டும். குறுக்குவெட்டு முட்டை வடிவில் வரட்டும். உருண்டையாக இருந்தால் கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தெரியாது. கடைசியில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

தோல் உறை

கூர் பிடிக்க இப்போது கை அரிக்கும். பொறுங்கள். உறையை ஈரத்தில் அழுத்தி வடிவம் கொண்டுவரும்போது மொட்டையான கத்திதான் உள்ளே இருக்க வேண்டும்.

செருப்பு, பை செய்யும் தோலில் பெரும்பங்கு குரோமில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், ஈரத்தில் அழுத்தினால் வடிவம் நிற்காது, அதிலுள்ள உப்புகள் கத்தியைத் துருப்பிடிக்கவும் வைக்கலாம். நமக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்துத் தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியது. இப்போது ஆவாரம் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. சென்னைப் பெரியமேட்டில் கேட்டால் கிடைக்கும். ஒரு மூலையை வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். நாக்கில் விரலைத் தொட்டுத் தோலில் வைத்தால் பட்டைத் தோல் அங்கே உடனே கருக்கும். கனம் 2.5 மி.மீ.

ஒரே துண்டைக் கத்தியின் முதுகுப் பக்கம் மடித்து, வாய்ப்பக்கம் தைக்கும் உறைதான் எளிது. தாளில் மடிப்புக் கோடு ஒன்று போட்டு, அதில் முதுகை வைத்துக் கத்தியை வரையுங்கள். வாய்ப்பக்கம் 15 மி.மீ. கூட்டிக்கொண்டு, அப்படியே மறுபக்கமும் பிரதி எடுங்கள். உறை, பிடியின் பாதிவரை ஏறட்டும். அப்போது தோலே பிடியைக் கவ்விக்கொள்ளும், பட்டன் தேவையில்லை. பின்பக்கத் துண்டின் மேலே 25 மி.மீ. அகலத்தில் ஒரு நாக்கு நீட்டிவிடுங்கள், அதைக் கீழே மடித்துத் தைத்தால் பெல்ட் போகும் வளையம். இந்த வளையத்தை, உறையை மடிப்பதற்கு முன்பே தைத்தாக வேண்டும். மடித்துத் தைத்த பிறகு உள்ளே ஊசி போகாது. மறந்துபோய் ஓர் உறையைப் பிரித்திருக்கிறேன்.

அடுத்தது நடுப்பட்டை. இரண்டு தோலுக்கும் நடுவே, வாயோரமாக 10 மி.மீ. அகலத்தில் மூன்றாவதாக ஒரு தோல் பட்டை வேண்டும். கத்தியின் வாய் அந்தப் பட்டையில்தான் உரசும். அது இல்லாவிட்டால் வாய் நேராகத் தையல் நூலில் உட்காரும். பத்துத் தடவை எடுத்து வைத்தால் நூல் அறுந்து, பதினோராவது தடவை உறையைப் பிடித்திருக்கும் விரல்.

செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் சொல்யூஷன் பசையை இரண்டு பரப்பிலும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். ஓரத்தை அரத்தால் சமமாக்கிவிட்டு, 5 மி.மீ. உள்ளே ஒரு கோடு. முட்கரண்டியை அந்தக் கோட்டில் அழுத்திக்கொண்டே போனால் சம தூரத்தில் புள்ளிகள் விழும். மூன்று அடுக்குத் தோலைக் குத்தூசியால் நேராகக் குத்துவது பழகாத கைக்குக் கஷ்டம். 1.5 மி.மீ. பிட்டால் துளையிட்டுவிடுங்கள்.

நூல், தேன்மெழுகில் இழுத்த நைலான். நீளம், தையலைப்போல ஐந்து மடங்கு. இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரு துளை வழியாக இடது ஊசி, அதே துளை வழியாக வலது ஊசி என்று எதிரெதிரே விட்டு இழுக்க வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது கழலாது. மெஷின் தையலில் அந்த வசதி இல்லை. கடைசியில் மூன்று துளை பின்னோக்கி வந்து, நறுக்கி, நுனியை லைட்டரில் காட்டி அழுத்துங்கள்.

கத்தியில் எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உறையை வெதுவெதுப்பான தண்ணீரில், குமிழி வருவது நிற்கும்வரை முக்கி எடுத்து, கத்தியைச் சொருகி, பிடியும் வாயும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுங்கள். தோல் களிமண்போலக் கேட்கும். நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும்.

ஓரத்தை ஈரத் துணியால் தொட்டு, ஒரு வழவழப்பான கட்டையால் வேகமாகத் தேய்த்தால் மூன்று அடுக்கும் ஒன்றாகி மினுங்கும். மேலே தேன்மெழுகும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் உருக்கிக் கலந்து ஒரு பூச்சு. எண்ணெய் அதிகமானால் உறை தொளதொளத்துவிடும்.

கூர்

இப்போது சாணைக்கல். 400-இல் ஆரம்பித்து 1000. தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில், ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு கைக்குத் தட்டுப்படும்வரை தேயுங்கள். அப்புறம் மறுபக்கம். பிசிறு மாறி மாறி மெலிந்து போனதும், மிச்சத் தோல் துண்டின் முரட்டுப் பக்கத்தில் முதுகு நோக்கி இருபது இழுப்பு. தக்காளியில் அழுத்தாமல் இறங்கினால் போதும்.

மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிய உடனே கருநீலத் திட்டு விழும். அது துரு கிடையாது, விட்டுவிடலாம். ஆனால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். வாரக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், மழைக்காலத்தில் பத்தே நாளில் சிவப்புப் புள்ளி கிளம்பிவிடும்.

உடையாத முதல் கத்தியைக் கொல்லரிடம் கொண்டுபோனேன். உறையிலிருந்து உருவி, முதுகோரமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நகத்தால் வாயைச் சுண்டி, சத்தம் கேட்டார். அந்த 4 மி.மீ. தப்பைப் பார்த்தாரா இல்லையா தெரியாது, ஒன்றும் சொல்லவில்லை. "பிடி கொஞ்சம் பெருசு தம்பி. ராவிக்கோ" என்றார். பித்தளை ஆணியும் மரத்தோடு சேர்ந்தே தேயும் என்பதால் அதில் பயமில்லை. அன்று இரவே ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. எடுத்துவிட்டு, மறுபடி லின்சீட் ஆயில் இரண்டு பூச்சுக் கொடுத்தேன்.